ஏகமனதாக

வேண்டாங்க தம்பி, அந்தப் பையை மேல வைக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். கனமெல்லாம் ஒண்ணுமில்ல. உள்ள ஒரு துணி, ஒரு நோட்டு, அவ்வளவுதான். பாத்ரூம் போறப்பக்கூட எடுத்துக்கிட்டுப் போறானேன்னு நீங்க ஒரு மாதிரியாப் பாத்தீங்க. நானும் கவனிச்சேன். தங்கம் ஒண்ணும் கடத்தலீங்க.

போன்ல நீங்க ஒடியாவுல பேசுனது காதுல விழுந்துச்சு. அப்புறம் வீட்டுக்குத் தமிழ்ல பேசுனீங்க. பெர்ஹாம்பூர்ல பேங்க் வேலை, ஆறு வருஷமாச்சுன்னு சொன்னீங்க. அப்பவே நெனச்சேன், இவர்கிட்ட ஒரு உதவி கேக்கணும்னு. கோதாவரிப் பாலம் தாண்டட்டும்னு இருந்தேன். தாண்டியாச்சு. ஆனா கதையச் சொல்லாமக் கேட்டா நல்லா இருக்காது. கேக்கறீங்களா? உங்களுக்கும் பொழுது போகணுமில்ல.

எம் பேரு நாச்சிமுத்துங்க. கோயமுத்தூர்ல பம்பு கம்பெனியில முப்பத்தோரு வருஷமா லேத் ஓட்டறேன். பதினாலு வருஷம் சங்கத்துக்குக் கிளைச் செயலாளர். எங்க சங்கம் சும்மா உள்ளூர்ச் சங்கமில்ல, அகில இந்தியச் சங்கம். நாலு மூலையிலயும் கிளை இருக்குது. எல்லா மொழிக்காரனும் அண்ணன் தம்பின்னு மேடை போட்டுப் பேசுனவன் நானு. நீங்க கான்பூர் நாச்சிமுத்துன்னு கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. எங்க வட்டாரத்துல அப்படிச் சொன்னாத்தான் தெரியும்.

கான்பூர்ல எங்க தேசிய மாநாடு, மூணு நாளு. மேடை ஏறுறவங்க எல்லாரும் இந்தி. கை தட்டறாங்க, நானும் தட்டறேன். சிரிக்கறாங்க, நானும் சிரிக்கறேன். ரெண்டாம் நாள் மத்தியானம் ஏதோ தீர்மானம், எல்லாரும் கை தூக்கறாங்க. பக்கத்துல இருந்த கேரளாக்காரரு என் முழங்கைய இடிக்கறாரு, தூக்குங்கன்னு. நான் எந்திரிச்சு நேரா மேடைக்குப் போயிட்டேன். மைக்கப் புடிச்சுத் தமிழ்லயே சொன்னேன். "எனக்குப் புரியாத தீர்மானத்துக்கு நான் கை தூக்க மாட்டேன். தூக்குனா அது என் கை இல்ல." கேரளாக்காரரு அதை இங்கிலீஷ்ல மாத்துனாரு, இன்னொருத்தர் இந்தியில மாத்துனாரு. தலைவர் எறங்கி வந்து என் கையப் புடிச்சுக்கிட்டாரு. அன்னைக்குச் சாயங்காலமே தமிழ்ல சொல்றதுக்கு ஒரு ஆளப் போட்டாங்க. ஊருக்கு வந்தா ஸ்டேஷன்ல மாலை. பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன், இப்ப என்ன.

நான் சொல்ல வந்தது ஈஸ்வரனப் பத்தி. உங்க பெர்ஹாம்பூர்ப் பக்கம்தான், ஆஸ்காவுக்கு உள்ளால ஒரு கிராமம். முழுப் பேரு வேற. வாயில நுழையாத பேரு. நாங்க ஈஸ்வரன்னு கூப்புடுவோம், அவனும் திரும்பிப் பாத்துக்குவான். மோல்டிங்ல காண்ட்ராக்ட் ஹெல்பரா வந்தான். ஒரே வருஷத்துல எங்க பேச்சே அவனுக்கு வந்துருச்சு. "ஏனுங்க தோழர், சாப்பாடு ஆச்சுங்களா"ம்பான். மத்தியானம் என் லேத்துக்குப் பக்கத்துலதான் உக்காருவான். அவுல ஊறவெச்சு வெல்லம் போட்டு ஒரு டப்பாவுல கொண்டாருவான். எனக்குச் சக்கரை வியாதின்னு தெரிஞ்சதுக்கப்புறம் வெல்லமில்லாம ஒரு பிடி தனியா எடுத்து வெச்சுக் கொண்டாந்தான். எம் பையன் கூட அப்படி ஒண்ணு செஞ்சதில்ல.

அவன் ஊர்ப் பக்கத்து ஆளுங்க பத்தொம்போது பேரு கம்பெனியில இருந்தாங்க. எல்லாரும் காண்ட்ராக்ட். சங்கம்னாலே பயந்து ஓடுவாங்க. ரூம் ரூமா நடந்து பேசிப் பேசி அத்தனை பேரையும் சேத்துவிட்டான் அவன். இருபது பேருக்கும் என் கையால உறுப்பினர் அட்டை எழுதிக் குடுத்தேன். வடக்கத்தி ஆளுங்கள எந்தக் கிளையும் அதுவரைக்கும் சேக்கல. நாங்கதான் முதல்ல. பேப்பர்ல போட்டோ வந்துச்சு.

மாசக் கூட்டம் தமிழ்லதான் நடக்கும். வேற எதுல நடத்தறது? ஒரு தடவை கேட்டான், கடைசியா ஒரு பத்து நிமிஷம் எங்க ஆளுங்களுக்கு எங்க பேச்சுல சொல்லிடட்டுங்களா தோழர்னு. நான்தான், எதுக்கப்பா, ஆளுங்க பஸ் புடிக்கணும், ரூமுக்குப் போயிச் சொல்லிக்கன்னேன். நேரத்தப் பாக்கணுமில்ல. அவங்களால ஒரு தொந்தரவும் இல்ல. பின்னால வரிசையா உக்காந்திருப்பாங்க. நாங்க தட்டுனாத் தட்டுவாங்க, தூக்குனாத் தூக்குவாங்க. கட்டுப்பாடுன்னா இதுன்னு எங்க ஆளுங்களுக்கு அவங்களைக் காட்டிப் பேசியிருக்கேன்.

எங்க ஃபிட்டர் மாரப்பன் செத்தப்போ கொடி போர்த்தப் போனோம். சங்கத்துல அது ஒரு வழக்கம். உறுப்பினர் செத்தா சங்கக் கொடிய மேல போர்த்தி, முழக்கம் போட்டு, அப்புறந்தான் எடுப்பாங்க. ஈஸ்வரன் அன்னைக்குத்தான் முதல் தடவையாப் பாக்கறான். திரும்பி வர்றப்ப என்கூடவே வந்தான். அப்புறம் கேட்டான், "நான் செத்தாலும் போர்த்துவீங்களா தோழர்?" அவங்க ஊர்ல இவங்க சனத்துல யாரு செத்தாலும் வேற சனம் வந்து நிக்காதாம். கம்பெனியே வந்து மாரப்பனுக்கு நின்னுச்சேன்னு அவனுக்கு ஆச்சரியம். போடா பைத்தியக்காரா, எனக்கு அம்பத்தேழு, உனக்கு முப்பத்திரண்டு, நீதான் வந்து எனக்குப் போர்த்தணும்னு சொன்னேன். சிரிச்சான்.

போன வருஷம் செப்டம்பர்ல ஸ்ட்ரைக். காண்ட்ராக்ட் ஆளுங்கள நிரந்தரமாக்கணும்னு. யாருக்காகன்னு பாருங்க. அவங்களுக்காகத்தான். கேட்டுக்கு முன்னால பந்தல் போட்டு உக்காந்துட்டோம். அஞ்சு நாள் ஒரு ஈ காக்கா உள்ள போகல. ஆறாவது நாள், பதினேழாந் தேதி. காலையில எட்டு மணிக்கு டீ குடிக்கப் போயிருந்தேன். வந்து பாக்கறேன், இருபது பேரும் குளிச்சு, புதுச் சட்டை போட்டுக்கிட்டு, வரிசையா உள்ள போயிக்கிட்டிருக்காங்க. கையில தேங்காய், பூவு, பையி. வாட்ச்மேன் கேட்டத் தெறந்து விடறான். மேனேஜர் நின்னு போட்டோ எடுக்கறாரு. முன்னால போறது ஈஸ்வரன்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? முந்தின நாள் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? சொல்லல. ரெண்டு மணி நேரம் கழிச்சு வெளிய வர்றாங்க, நெத்தியில செந்தூரம், கையில பூந்தி. அதுக்குள்ள மேனேஜர் போட்டோவப் பரப்பிட்டாரு, ஆளுங்க வேலைக்குத் திரும்பறாங்கன்னு. பந்தல்ல எங்க ஆளுங்க கொதிக்கறாங்க. கட்டட்டுமா, அடிக்கட்டுமான்னு கேக்கறாங்க. நான் தடுத்தேன். ஒருத்தனும் கை வைக்கக்கூடாது, சட்டப்படி கூட்டம் போட்டு முடிவெடுப்போம்னேன். அதையும் சொல்லணுமில்ல.

சாயங்காலம் கேட் கூட்டம். ஈஸ்வரனக் கூப்பிட்டுக் கேட்டேன், எதுக்கு உள்ள போனீங்கன்னு. மைக்ல சொன்னான், "பூஜைக்குத் தோழர். மெஷினுக்குப் பூஜை. வேலை செய்யல." கூட்டம் முழுக்கச் சிரிப்பு. பின்ன சிரிக்க மாட்டாங்களா? மெஷினுக்குப் பூஜை ஆயுத பூஜைக்கு. அதுக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்குது. டீக்கடையில தொங்குன காலண்டர்ல அன்னைக்குத் தாளக் கிழிச்சுட்டு வரச் சொன்னேன். மைக்ல படிச்சேன். செப்டம்பர் பதினேழு, புரட்டாசி ஒண்ணு. ராகு காலம் இருக்குது, எமகண்டம் இருக்குது, பூஜை எங்கப்பா இருக்குதுன்னு கேட்டேன். கை தட்டு நிக்கவே இல்ல. அவன் ஏதோ சொல்ல வந்தான். பதட்டத்துல தமிழ் வரல, அவங்க பேச்சுல ஆரம்பிச்சுட்டான். தமிழ்ல பேசு, எல்லாருக்கும் புரியணும்னு சொல்லி மைக்க வாங்கிட்டேன்.

தீர்மானம் படிச்சேன். வேலைநிறுத்தத்தை மீறிய இருபது பேரையும் சங்கத்திலிருந்து நீக்குவது. ஆதரிக்கறவங்க கை தூக்குங்கன்னேன். எல்லாக் கையும் மேல போச்சு.

தம்பி, எல்லாக் கையும்னா எல்லாக் கையும். பின்னால நின்ன அந்தப் பத்தொம்போது பேரும் தூக்குனாங்க. எப்பவும் போல. எங்க ஆளுங்க தூக்குனாங்க, அவங்களும் தூக்குனாங்க. காலையில பூந்தி வாங்குன கையி. எங்க ஆளுங்கள்ல நாலஞ்சு பேரு அதைப் பாத்துச் சிரிச்சாங்க. ஈஸ்வரன் மட்டும் தூக்கல. அவன் மேடையப் பாக்கல, திரும்பி அவங்களையே பாத்துக்கிட்டு நின்னான். இறக்குங்கடான்னு கூடச் சொல்லல. நான் மினிட்ஸ் நோட்டுல எழுதுனேன், 'தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது'ன்னு. காலண்டர் தாளையும் ஆதாரத்துக்கு அதே பக்கத்துல ஒட்டுனேன். இந்தப் பையில இருக்கற நோட்டு அதுதாங்க.

அப்புறம் அவங்க ரூமக் காலி பண்ணிட்டாங்க. சிட்கோ தொழிற்பேட்டைக்கு அந்தப் பக்கம் பேரு கூட இல்லாத ஒரு பட்டறை, சங்கமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது, அங்க சேந்ததாக் கேள்விப்பட்டேன். போகட்டும்னு விட்டுட்டேன். அக்டோபர் ஆரம்பத்துல சேதி வருது. கிரேன் சங்கிலி அறுந்து, தூக்குன வார்ப்பு மேல விழுந்து ஒரு ஆளு செத்துட்டான்னு. ஈஸ்வரன்.

மறுநாள் பந்தலுக்கு, கோயமுத்தூர்ல அவன்கூட இருந்த சம்சாரம் வந்துச்சு. குந்தலான்னு பேரு. கூட தசரதின்னு ஒருத்தன், அந்தப் பத்தொம்போது பேர்ல ஒரு ஆளு. அவனுக்குத் தமிழ் நாலு வார்த்தை தெரியும். "கொடி, தோழர், கொடி"ன்னான். அந்தப் புள்ளைக்குத் தமிழ் தெரியாது. பந்தக் கம்பத்துல கட்டியிருந்த கொடியக் காட்டுச்சு. அப்புறம் ரெண்டு கையையும் விரிச்சு, படுத்திருக்கறவன் மேல போர்த்தற மாதிரி காட்டுச்சு. புரியலைன்னு சொல்ல முடியாது தம்பி. எனக்கு நல்லாப் புரிஞ்சுது.

நான் விதியச் சொன்னேன். நீக்குன ஆளுக்குக் கொடி போர்த்த சங்க விதியில எடமில்லம்மான்னேன். தமிழ்லதான் சொன்னேன். சுத்தி முப்பது பேரு நிக்கறாங்க, ஸ்ட்ரைக் நடந்துக்கிட்டிருக்குது, நானே விதிய மீறுனா என்ன ஆகும்? ஊருக்குக் கொண்டுபோக வண்டி ஏற்பாடு பண்ணிக் குடுத்தேன். அதையும் சொல்லணுமில்ல. அந்தப் புள்ள கொஞ்ச நேரம் கொடியவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அழுகல. அப்புறம் போயிருச்சு.

ஸ்ட்ரைக்ல ஜெயிச்சோம். முப்பத்தெட்டு நாளு. காண்ட்ராக்ட் ஆளுங்க அறுபத்தி நாலு பேரு நிரந்தரம். அந்தப் பட்டியல்ல அவங்க இருபது பேரு இல்ல, நான்தான் பேர அடிச்சேன். வேலைக்குப் போன முதல் நாளே ஆயுத பூஜைக்கு மெஷின் கழுவற நாளு. நான் சாமி கும்புடற ஆளில்ல தம்பி. ஆனா லேத்துக்குச் சந்தனம் வெக்காம இருந்ததில்ல, அது சோறு போடறது. துணிய எடுத்துத் தொடைக்கப் போறேன். தலைப் பக்கத்துல செந்தூரப் பொட்டு இருக்குது. காஞ்சு கருத்துப் போயி. இரும்பப் புடிச்சுச் சுத்தற சக்குல செவப்புக் கயிறு மூணு சுத்துச் சுத்தியிருக்குது. கருவி வெக்கற தட்டுல ஒரு செண்டுமல்லி, பொடியாயிருச்சு. பக்கத்துல ஒரு இலையில மூடி வெச்சிருந்த அவுலு. எறும்பு தின்னது போக மிச்சம். வெல்லமில்லாத அவுலு.

நான் அடுத்த மெஷினுக்கு ஓடுனேன். அதுலயும் பொட்டு. டிரில்லிங், மில்லிங், கிரைண்டிங், எல்லாத்துலயும். எந்தெந்த ஆளு அவங்களைப் பாத்துச் சிரிச்சானோ அவன் மெஷின்லயும் பொட்டு, அவன் மெஷின்லயும் கயிறு. வாட்ச்மேனப் புடிச்சுக் கேட்டேன், அன்னைக்கு உள்ள என்னதான்டா பண்ணுனாங்கன்னு. அவன் சொல்றான், மேனேஜரு ஒரே ஒரு சுவிட்ச்சப் போடுங்க, போட்டோ எடுக்கறேன்னு கெஞ்சுனாராம். ஈஸ்வரன் முடியாதுன்னுட்டானாம். இன்னைக்கு மெஷினத் தொட்டு வேலை செஞ்சாப் பாவம், எங்க ஊர்ல இன்னைக்கு எவனும் செய்ய மாட்டான்னு சொன்னானாம். நாங்க ஆயுத பூஜையன்னைக்கு என்ன சொல்றோமோ அதேதான். எங்களுக்கு அக்டோபர்ல வர்றது அவங்களுக்கு செப்டம்பர் பதினேழு. விஸ்வகர்மா பூஜை. வருஷா வருஷம் அதே தேதி. மூணு வருஷம் என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டவன். ஒரு நாள் கூட நான் கேட்டதில்ல, உங்க ஊர்ல என்னப்பா பண்டிகைன்னு.

ஸ்ட்ரைக்ல இருந்த மெஷினுக்குப் பொட்டு வைக்காம வருஷம் போகக்கூடாதுன்னு போயிருக்கான். எங்களோடதுக்கும் சேத்து. அன்னைக்கு என்னால சந்தனம் வைக்க முடியல. இந்த வருஷமும் முடியுமான்னு தெரியல.

கொஞ்சம் தண்ணி குடுங்க.

தம்பி, இவ்வளவு நேரம் சொன்னதுல ஒரு எடத்துல பொய் சொன்னேன். முந்தின நாள் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலைன்னு சொன்னேனில்ல. சொன்னான். பதினாறாந் தேதி சாயங்காலம் பந்தலுக்கு வந்து நின்னான். நாளைக்குப் பூஜை இருக்குது தோழர், உள்ள போயிட்டு வந்துடறோம், வேலை செய்ய மாட்டோம்னான். நான் மாவட்டத் தலைவரோட போன்ல இருந்தேன். போனக் காதுல இருந்து எடுக்கவே இல்ல. சரி சரி, போன்னு கைய ஆட்டுனேன். அவன் கேட்டுட்டுத்தான் போனான். கூட்டத்துல மைக்க நான் புடுங்கறப்ப அதைத்தான் சொல்ல வந்தான்னு நெனக்கறேன். அவங்க பேச்சுல எதைச் சொன்னானோ, எனக்குத் தெரியாது. வீட்டுல கூட இதை நான் சொன்னதில்ல. உங்ககிட்டத்தான் முதல்ல சொல்றேன்.

அப்புறம் என்ன. கூட்டம் போட்டேன். இருபது பேரையும் திரும்பச் சேக்கற தீர்மானம், செத்தவனையும் சேத்து. பொட்டு வெச்ச கதைய முழுசாச் சொல்லலாம்னு எந்திரிச்சேன், முடியல. தீர்மானத்த மட்டும் படிச்சேன். எல்லாரும் கை தூக்குனாங்க. எதுக்குன்னு ஒருத்தன் கேக்கல. நான் செயலாளர் சொன்னேன், தூக்குனாங்க. அதுவும் ஏகமனதுதான். செயலாளர் பதவி ராஜினாமாவ எழுதி மேசையில வெச்சுட்டு வந்துட்டேன்.

நாளைக்கழிச்சு அவனுக்கு வருஷ திவசம். தசரதிகிட்ட மூணு தடவை போன் போட்டுக் கேட்டு விலாசம் வாங்குனேன். வாங்கன்னு அவன் சொல்லல. வராதீங்கன்னும் சொல்லல. பையில இருக்கற துணி அந்தப் பந்தக் கம்பத்துக் கொடிதான், அந்தப் புள்ள கை காட்டுன அதே கொடி. இப்பப் போர்த்தறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல, எனக்குத் தெரியும். வீட்டுல வெச்சுக்கட்டும், இல்ல அடுப்புல போடட்டும். அது கையில குடுத்தாத்தான் எனக்கு ஆகும்.

நான் கேக்க வந்தது இதுதாங்க. பெர்ஹாம்பூர்ல எறங்கி ஒரு அரை நாள் என்கூட அந்த ஊருக்கு வர முடியுங்களா? திவசம் ஞாயித்துக்கிழமைதான், பேங்க் லீவு, நான் காலண்டர் பாத்துட்டேன். வேற எதுக்கும் இல்ல. நான் சொல்றத அந்தப் புள்ளைக்குச் சொல்லணும். பொய் சொன்ன எடத்தையும் விடாமச் சொல்லணும். அப்புறம் அது என்ன சொன்னாலும் எனக்கு அப்படியே சொல்லணும். வையும். வஞ்சுதுன்னா வஞ்ச வார்த்தையச் சொல்லுங்க, கொறைச்சுச் சொல்லாதீங்க. கொடி வேண்டாம், எடுத்துட்டுப் போன்னா அதையும் சொல்லுங்க. நீங்க இல்லைன்னா நான் என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியும். அது திட்டத் திட்டச் சரிங்கம்மா, சரிங்கம்மான்னு தலையாட்டிக்கிட்டு நிப்பேன். பின்வரிசையில நின்னு அவங்க கை தூக்குனாங்களே, அந்த மாதிரி.

வர்றீங்களா? நல்லா இருப்பீங்க தம்பி.

ஒண்ணே ஒண்ணு. அவன் பேரை மட்டும் நீங்க சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கறேன். அட்டையில எழுதுனவன் நான்தான், ஒரு தடவை கூட வாயால சொன்னதில்ல. சேலத்துல இருந்து சொல்லிப் பாத்துக்கிட்டே வர்றேன். ககேஸ்வர். ககேஸ்வர் பெஹரா. சரியா இருக்குதுங்களா? இல்ல, நீங்க ஒருக்காச் சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்.